பாராமகால் கோட்டைகள்: ஒரு தை மாத நாட்குறிப்பு

வெள்ளி, கிருஷ்ணகிரி

சேலத்துக்கு வடக்கே, மைசூர் மேட்டுநிலத்தின் அடிவாரத்தில், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மொட்டைப் பாறைக் குன்று நிற்கும் நாட்டுக்குப் பழைய பெயர் பாராமகால். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பெரும்பகுதியும் தர்மபுரியில் ஒரு பங்கும் அதில் அடக்கம். திருப்பத்தூர், வாணியம்பாடி வரை அது நீண்டிருந்தது. பன்னிரண்டு கோட்டை நாடு என்பது ஊர் வழக்கு.

பெரியப்பா வீடு பழையபேட்டையில். மொட்டை மாடிக்குப் போனால் சையத் பாஷா மலை முழுசாகத் தெரியும். பெரியப்பா கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். பர்கூர், காவேரிப்பட்டணம், ராயக்கோட்டை என்று இந்தப் பக்கத்துக் கிராமங்களிலேயே காலம் தள்ளியவர். கோட்டை பார்க்க வருகிறேன் என்று போனில் சொன்னதும், "முட்டி வலிக்குதுதான். ஆனா உன்னைத் தனியா மலைக்கு அனுப்ப மாட்டேன் பாப்பா" என்றார்.

இரவு களி, அவரைக்கொட்டைக் குழம்பு. சாப்பிட்டு முடித்ததும் பன்னிரண்டு கோட்டைகள் எவை என்ற பேச்சு வந்தது. கிருஷ்ணகிரி, ஜெகதேவி, வாரணகட், மகராஜகடை, தட்டக்கல், திருப்பத்தூர், வாணியம்பாடி என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனார். ஆளுக்கொரு பட்டியல் உண்டு. ராயக்கோட்டைக்காரர்கள் தங்கள் ஊரைச் சேர்ப்பார்கள், தேன்கனிக்கோட்டைக்காரர்கள் தங்கள் ஊரை. பட்டியல் மாறினாலும் எல்லாரும் சொல்லும் பெயர் ஒன்றுதான்: ஜெகதேவராயர்.

1565-இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தபின் அரச குடும்பம் ஆந்திரப் பக்கத்துப் பெனுகொண்டாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கேயும் சுல்தான்களின் படை துரத்திக்கொண்டு வந்தது. அப்போது பெனுகொண்டாவைக் காத்து நின்ற தலைவர் ஜெகதேவராயர். அதற்குப் பரிசாகக் கிடைத்ததுதான் இந்த நாடு. அவர் முதலில் இருந்தது ஜெகதேவியில், பிறகு கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில். அவருக்குப் பன்னிரண்டு பிள்ளைகள், பிள்ளைக்கு ஒரு கோட்டையாகக் கொடுத்தார் என்பது வாய்வழிக் கதை. கதை எப்படியோ, இத்தனை கோட்டைகள் இவ்வளவு நெருக்கமாக எதற்கு என்ற கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் இந்தப் பயணம்.

சனி, சையத் பாஷா மலை

காலை ஆறு மணிக்கே ஏற ஆரம்பித்துவிட்டோம். தைப் பனி இறங்கிக் கிடந்தது. பத்தடிக்கு முன்னால் போகிறவரின் முதுகு தெரியவில்லை. மேலே தர்கா இருப்பதால் ஆள் நடமாட்டம் உண்டு. பூ, சர்க்கரைப் பொட்டலம், குழந்தையைத் தோளில் தூக்கியவர்கள் என்று எல்லா மதத்துக்காரர்களும் ஏறுகிறார்கள். இது மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள மலை.

ஊர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 அடி. கற்படியாகக் கட்டிய இடமும் உண்டு, பாறையிலேயே கால் வைக்கும் அளவுக்குக் கொத்திவிட்ட இடமும் உண்டு. மதிலைப் பக்கத்தில் நின்று பார்த்தால் கட்டிய விதம் புரிகிறது. அடியில் ஆளுயரப் பாறைத் துண்டுகளைச் சாந்தே இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தியிருக்கிறார்கள். மேலே போகப் போகக் கல் சிறுக்கிறது, தலைப்பில் செங்கல்லும் சுண்ணாம்பும். அந்தச் செங்கல் பகுதியில்தான் துப்பாக்கி நீட்டும் துளைகள். கீழ் நோக்கிச் சரிந்திருக்கின்றன. ஒவ்வொரு துளையும் ஏறி வருகிறவனின் தலையைப் பார்க்கிறது. அடிக்கல் ஒரு காலம், தலைப்பு வேறு காலம் என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும். வில்லுக்கும் வேலுக்கும் கட்டிய மதிலைப் பின்னால் வந்தவர்கள் துப்பாக்கிக்காக உயர்த்தியிருக்கிறார்கள்.

கல் வேறெங்கிருந்தும் வரவில்லை. பாதையோரப் பாறையில் ஆப்பு வைக்கத் தோண்டிய குழிகள் வரிசையாக இருக்கின்றன, சாண் இடைவெளிக்கு ஒன்று. ஒரு பாறை பாதி பிளந்து, மீதி பிளக்காமல் அப்படியே நிற்கிறது. அந்த வரிசையின் கடைசிக் குழியில் விரலை விட்டுப் பார்த்தேன். உளி பட்ட சொரசொரப்பு இன்னும் போகவில்லை.

இந்த மலையை ஏணி வைத்து ஏறிப் பிடித்தவர் இல்லை என்று சொல்லலாம். முயன்றவர்கள் உண்டு. ஐதர் அலியோடு நடந்த முதல் மைசூர்ப் போரில், 1767 ஜூனில், ஆங்கிலேயர் படை தாக்கித் தோற்றுத் திரும்பியது. திப்புவோடு நடந்த மூன்றாம் போரில், 1791 நவம்பர் 7 இரவு, ஆங்கிலேயரின் கர்னல் மாக்ஸ்வெல் வந்தார். அதற்குச் சில நாள் முன்புதான் அதே படை பென்னாகரம் கோட்டையைப் பிடித்திருந்தது. அந்தத் தைரியம். மலையடி ஊரான பேட்டையைப் பிடித்தார்கள். ஏணி வைத்துக் கீழ்க்கோட்டையிலும் ஏறிவிட்டார்கள். அங்கிருந்து ஓடிய திப்புவின் வீரர்களோடு வீரர்களாக மேல்கோட்டை வாசலுக்குள் நுழைந்துவிடலாம் என்று துரத்தினார்கள். வாசல் சாத்தப்பட்டது. மேலே இருந்தவர்கள் பெரிய பெரிய பாறைகளை உருட்டிவிட்டார்கள். ஏணிகள் முறிந்தன, ஆட்கள் செத்தார்கள். விடிவதற்குள் பேட்டைக்குத் தீ வைத்துவிட்டுப் படை இறங்கிப் போனது.

அந்தத் தீ எரிந்தது பெரியப்பா வீடு இருக்கும் பழையபேட்டை. போரைப் பற்றி எழுதியவர்கள் எத்தனை அதிகாரிகள் செத்தார்கள் என்று பெயரோடு குறித்திருக்கிறார்கள். பேட்டையில் எத்தனை வீடு எரிந்தது, நெசவுக்காரர் தறி எத்தனை போனது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

வாசலைத் தாண்டியதும் பெரியப்பா ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். "நின்னு சண்டையே போட வேணாம். கல்லைத் தள்ளினாலே போதும், பாத்தியா" என்றார்.

உச்சியில் தர்காவும் இடிந்த கட்டடங்களும் சுனைகளும் இருக்கின்றன. எனக்குக் கட்டடங்களைவிடச் சுனைகள்தான் முக்கியமாகத் தோன்றின. ஒரு சுனைக்கு மேலே சரிவாக இறங்கும் பாறையில் கையகல வாய்க்கால் கொத்தியிருக்கிறார்கள். மேலே விழும் மழை சிதறி வழிந்து போகாமல், அந்த வாய்க்கால் பிடித்து இழுத்து வந்து சுனையில் விடும். இருபதடிக்கு ஒரு தடவை வாய்க்காலில் சின்னப் பள்ளம். வண்டல் அங்கே தங்கிவிடும், தெளிந்த தண்ணீர் உள்ளே போகும். இதைக் கொத்தியவருக்கு மழையையும் தெரியும், பாறையையும் தெரியும். கோட்டைக்கு அரசன் பெயர் இருக்கிறது. கிருஷ்ணதேவராயர் பெயரால் வந்தது கிருஷ்ணகிரி என்பார்கள். வாய்க்கால் கொத்தியவர் பெயர் எங்கும் இல்லை.

ஏணியால் விழாத இந்தக் கோட்டை பசியால் விழுந்தது. 1767-இல் தோற்ற ஆங்கிலேயர் மலையைச் சுற்றி வளைத்து உட்கார்ந்தார்கள். 1768-இல் மேலே இருந்தவர்கள் இறங்கி வந்து ஒப்படைத்தார்கள். தண்ணீரை மழை கொடுக்கும், தானியத்தை யார் கொடுப்பார்கள்? உச்சியில் ஒரு பிடி கேழ்வரகு விளையாது. மேலே யார் கொடி ஏற்றினாலும் மூட்டை கீழேயிருந்துதான் போக வேண்டும், கீழே இருக்கிற ஒருவர் முதுகில்தான் போக வேண்டும். அந்தக் குறுகிய வாசலில் மூட்டையோடு நுழைந்தவரை நினைத்துக்கொண்டே இறங்கினேன். அவ்வளவு பாடுபட்டுப் பிடித்த மலையும் 1769 சென்னை உடன்படிக்கையில் ஐதர் அலிக்கே திரும்பிப் போனது.

பனி விலகியதும் உச்சியிலிருந்து பார்த்த காட்சியில் ஒரு விஷயம் பிடிபட்டது. மேற்கே பெங்களூர் சாலை, கிழக்கே சென்னை சாலை, தெற்கே சேலம் சாலை, எல்லாம் மலையடியில் வந்து கூடுகின்றன. தெற்கே கே.ஆர்.பி. என்கிற கிருஷ்ணகிரி அணையின் தண்ணீர் மின்னுகிறது. லாரிகள் இன்று வரும் வழியாகத்தான் அன்று குதிரையும் மாடும் பீரங்கியும் வந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் காவேரிப்பட்டணம் போய் வந்தோம். தென்பெண்ணைக் கரையில் இருந்த கோட்டையை 1767-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், அதே ஆண்டில் ஐதர் மீட்டார். இன்று அங்கே கோட்டை என்று காட்ட அதிகம் இல்லை. ஆற்றங்கரையில் டீ குடித்துவிட்டுத் திரும்பினோம்.

ஞாயிறு, ஜெகதேவி

மா பூத்திருக்கிறது. பர்கூர் சாலையில் இருபுறமும் தோப்பு, காற்றடித்தால் பூ வாசனை பஸ்ஸுக்குள்ளேயே வருகிறது. வைகாசி, ஆனியில் இந்தத் தோப்புகளின் பெங்களூரா மாங்காய்தான் மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும்.

ஜெகதேவி இன்று அமைதியான ஊர். ஒரு நாட்டின் தலைநகராக இருந்தது என்று சொன்னால்தான் தெரியும். மலைமேல் மதில் அங்கங்கே அறுந்து அறுந்து ஓடுகிறது. 1792-இல் போர் முடிந்த சூட்டோடு தாமஸ் டேனியல் என்ற ஆங்கில ஓவியரும் அவருடைய அண்ணன் மகன் வில்லியமும் இந்த வழியாக வந்தார்கள். ஜெகதேவியையும் பக்கத்து வாரணகட் கோட்டையையும் ஒரே படத்தில் வரைந்தார்கள். ராயக்கோட்டையையும் வீரபத்திரதுர்க்கத்தையும் வரைந்தார்கள். லண்டனில் அச்சான அந்தப் படங்களின் வழியாகத்தான் பாராமகால் மலைகளை வெளியுலகம் பார்த்தது. படத்தில் மலை கொஞ்சம் கூடுதலாக நிமிர்ந்திருக்கும். மற்றபடி பாறையின் முகம் அதேதான். போனில் படத்தை வைத்துக்கொண்டு எந்த இடத்தில் உட்கார்ந்து வரைந்திருப்பார்கள் என்று தேடி, ஏரிக்கரை ஒன்றில் நின்றபோது ஓரளவு பொருந்தியது.

பாதி மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் வழி காட்டினார்.

"மேல என்ன கண்ணு இருக்குது? கல்லுதான். ராஜா போயிட்டாரு."

"சுனை இருக்குதாம்மா?"

"அது இருக்குது. சித்திரையிலகூட வத்தாது. ஆட்டை அதுக்குத்தான் ஓட்டிக்கினு போறேன்."

அவர் சொன்னபடியே சுனை இருந்தது. மதில் சரிந்துவிட்டது, மண்டபத்தின் மேல்தளம் விழுந்துவிட்டது, சுனை மட்டும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதன் பக்கத்தில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு குழி. மண் இன்னும் ஈரம் காயவில்லை. புதையல் தேடித் தோண்டியது. குழிக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம், குங்குமம். மண்டபத்துத் தரைக்கல் இரண்டைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. எல்லைக்காவல் கோட்டையில் யாரும் பொன்னைப் புதைத்து வைப்பதில்லை. அங்கே இருந்தது அரிசி, கேழ்வரகு, எண்ணெய், வெடிமருந்து. இந்த மலைகளை எழுதப்படாத பத்திரம் என்று சொல்வேன். அதன் பக்கங்களைத்தான் கடப்பாரையால் கிழிக்கிறார்கள்.

இறங்கும்போது தூரத்தில் வெடிச்சத்தம். கிரானைட் குவாரி. பர்கூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல் வெளிநாட்டுக் கட்டடங்களுக்குத் தரையாகப் போகிறது, நிறைய குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு ஒன்று உண்டு. மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானமோ குவாரியோ கூடாது, அதற்கப்பால் 200 மீட்டர் அனுமதி பெற்றுத்தான் எதையும் செய்ய வேண்டும் என்று 2010-இல் சட்டம் இறுகியது. அந்தத் துறையின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் மலைக்கு அந்த வேலி உண்டு. ஜெகதேவியில் நாங்கள் ஏறிய வழியில் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று சொல்லும் பலகை எதையும் பார்க்கவில்லை.

திங்கள், ராயக்கோட்டை

சந்தைக்கு வந்த தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே பஸ் நின்றது. ராயக்கோட்டையில் எங்கே நின்றாலும் துர்க்கம் கண்ணில் படும். ஊர்க்காரர்கள் கோட்டை என்பதைவிடத் துர்க்கம் என்பதுதான் அதிகம்.

கோட்டைகள் ஏன் இவ்வளவு நெருக்கம் என்ற கேள்விக்கு இங்கே பதில் கிடைத்தது. பாலக்கோட்டிலிருந்து வரும் சாலை இந்த மலையை ஒட்டித்தான் மேட்டுநிலத்துக்கு ஏறுகிறது. சேலத்திலிருந்து தர்மபுரி வழியாக ஓசூர் போகும் ரயில் பாதையும் அதே இடுக்கைத்தான் பிடிக்கிறது. மைசூரை ஆள்பவர் தமிழ்ச் சமவெளிக்கு இறங்க வேண்டுமா, சமவெளிக்காரர் மைசூருக்கு ஏற வேண்டுமா, இந்தக் கணவாய்களில் ஒன்றைத் தாண்டாமல் முடியாது. கணவாய்க்கு ஒரு காவல் மலை. பாராமகால் முழுவதுமே இரண்டு நாடுகளுக்கு நடுவில் இருந்த வாசற்படி. அதனால்தான் கை மாறிக்கொண்டே இருந்தது. விஜயநகரத் தலைவர்களுக்குப்பின் பிஜப்பூர்ச் சுல்தான், மைசூர் உடையார்கள், கடப்பை நவாப், ஐதர் அலி, திப்பு. ஒவ்வொருவர் கையும் மதிலில் ஒரு வரிசைக் கல்லாக, ஒரு கொத்தளமாக நிற்கிறது.

1791 ஜூலை 20-இல் மேஜர் கௌடியின் படையிடம் ராயக்கோட்டை விழுந்தது. கீழ்மதில் போனதும் மேலே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். கிருஷ்ணகிரி அளவுக்கு உறுதியான மலையை அவர்கள் ஏன் பிடித்து நிற்கவில்லை என்று ஏறும்போதெல்லாம் யோசித்தேன். மேலே இடிந்த கிடங்குகள், சுனைகள், வெடிமருந்து வைத்ததாகச் சொல்லும் தடித்த சுவர் அறை எல்லாம் இருக்கின்றன. ஒரு கிடங்கின் உள்சுவரில் சுண்ணாம்புப் பூச்சு கொஞ்சம் மிச்சம். கை வைத்தால் முட்டை ஓடு மாதிரி வழுவழுப்பு. கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சாந்துக்குத்தான் அந்தப் பளபளப்பு வரும் என்றார் பெரியப்பா. அதன்மேல் பெயிண்ட்டில் இரண்டு பெயர், நடுவில் அம்பு விட்ட இதயம். அவர் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார், போகவில்லை.

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. திப்பு தன் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுத்து, இரண்டு பிள்ளைகளைப் பிணையாகவும் அனுப்பினார். பாராமகால் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. ராயக்கோட்டையில் ஆங்கிலேயர் காவல்படை உட்கார்ந்தது. ஏழு வருஷம் கழித்து, 1799 மார்ச் முதல் வாரத்தில், ஜெனரல் ஹாரிஸின் பெரும்படை இந்த மலையடியில் கூடி இங்கிருந்துதான் மைசூர் எல்லையைத் தாண்டியது. அதே ஆண்டு மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு இறந்தார்.

இந்தக் கோட்டைகள் பாழானது பீரங்கியால் என்று நான் நினைத்திருந்ததில் பாதிதான் சரி. மே 4-க்குப் பிறகு காக்க எல்லையே இல்லை. மேலேயும் கம்பெனி, கீழேயும் கம்பெனி. காவலுக்கு அவசியம் போனதும் சம்பளம் போனது, ஆள் போனது, சுனையைத் தூர் வாருகிறவர் இறங்கிவிட்டார். மதிலின் மூட்டில் ஒரு அரச விதை விழுந்தால் பிடுங்கி எறிய ஆள் இல்லை. இருநூறு வருஷத்தில் அந்த வேர் செய்த வேலையை மாக்ஸ்வெல்லின் ஏணிகள் செய்யவில்லை.

கோட்டைகள் சும்மா ஆன அதே வருஷங்களில்தான் இங்கே இன்னொன்று பிறந்தது. பெரியப்பா அதைச் சொல்லும்போது குரலே மாறிவிட்டது. உடன்படிக்கை முடிந்ததும் பாராமகாலை நிர்வகிக்க வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். உதவிக்கு மூன்று ராணுவ அதிகாரிகள்: கிருஷ்ணகிரிப் பக்கம் கிரஹாம், தர்மபுரியில் தாமஸ் மன்றோ, சேலத்தில் மக்லியட். வயல் வயலாக அளந்தார்கள். ஜமீன்தாரோ குத்தகைக்காரரோ நடுவில் இல்லாமல், உழுகிறவரிடமே நேராக வரி பேசி எழுதினார்கள். 1796-இல் ரீட் வெளியிட்ட அறிவிப்பில், குடியானவர் வேண்டிய நிலத்தை வைத்துக்கொள்ளலாம், வேண்டாததை வருஷத்துக்கு வருஷம் விட்டுவிடலாம் என்று வந்தது. ரயத்துவாரி என்று பள்ளியில் படித்தோமே, அது இந்த மண்ணில்தான் உருவானது. பின்னாளில் மன்றோ சென்னை ஆளுநரானபோது மாகாணம் முழுக்கப் பரவியது. தீவுத்திடல் அருகே குதிரைமேல் சிலையாக இருப்பவர், தர்மபுரியில் தோட்டம் போட்டு வருஷக்கணக்கில் குடியிருந்தவர்.

"நான் எழுதின பயிர்க்கணக்கு அடங்கல், நீ ஆன்லைன்ல எடுக்கிற பட்டா, எல்லாத்துக்கும் மூலம் இங்கதான் பாப்பா" என்றார் பெரியப்பா. "கோட்டை இருந்த வரைக்கும் மேல இருக்கிறவன் தானியத்தை அள்ளிக்கிட்டுப் போவான். கணக்கு வந்தப்புறம் இவ்வளவுதான்னு எழுத்துல நின்னுச்சு."

வரி குறைந்துவிடவில்லை, ஆரம்பத்தில் விதித்த தீர்வை கடுமைதான் என்று நான் சொன்னேன். "கடுமைதான். ஆனா எழுதி வெச்சா மனு போடலாமே" என்றார். மனு போட முடியும் என்பதை அவர் எவ்வளவு பெரிதாக மதிக்கிறார் என்பது இறங்கும் வழி முழுக்க அவர் சொன்ன பட்டா வழக்குகளில் தெரிந்தது. அரை ஏக்கருக்காக மூன்று தலைமுறை நடந்த ஒரு விதவைக் குடும்பத்தின் கதையைச் சொல்லி முடித்தபோது அடிவாரம் வந்துவிட்டது.

செவ்வாய், தர்மபுரி, அதியமான்கோட்டை

தர்மபுரியில் கோட்டை என்ற பெயர் நிற்கிறது, கோட்டை நிற்கவில்லை. கோட்டைக் கோயிலில் மல்லிகார்ஜுனர் சன்னதியில் தொங்கும் தூண் பார்க்க எப்போதும் கூட்டம். தூணுக்கும் தரைக்கும் நடுவே துணியை விட்டு இழுத்துக் காட்டுகிறார்கள். நுளம்பர் என்ற அரச மரபினர் ஆண்ட ஊர் இது. பக்கத்தில் காமாட்சியம்மன் கோயில் அடித்தளத்தில் ஓடும் ராமாயணச் சிற்பங்களைக் குனிந்து பார்க்கிறவர்கள் குறைவு. விரல் உயரத்துக் குரங்குகள் சேது கட்டக் கல் சுமக்கின்றன. கல் சுமக்கிறவர்களை எங்காவது ஒரு இடத்திலாவது செதுக்கி வைத்திருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டேன்.

அருங்காட்சியகத்தில் நடுகற்கள். ஆநிரையை மீட்கப் போய் இறந்தவர்களுக்கு நட்டவை. ஒருவன் கையில் வில், உடம்பில் அம்பு, காலடியில் மாடு. கோட்டைகளுக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே இது இரண்டு மேய்ச்சல் நாடுகளின் எல்லை என்று இந்தக் கற்கள் சொல்கின்றன. பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்களே, அதையும் சேர்த்து நினைத்தால் இந்த நாட்டின் வயது தலை சுற்ற வைக்கிறது.

பஸ் பிடித்து அதியமான்கோட்டை. கால பைரவர் கோயிலுக்கு வருகிறவர்கள்தான் அதிகம். தேய்பிறை அஷ்டமியில் சாம்பல் பூசணியில் விளக்கேற்றும் கூட்டம் சாலை வரை நிற்கும். நாங்கள் போனது சென்றாயப் பெருமாள் கோயிலுக்கு. மண்டபத்து விதானத்தில் பாரதமும் ராமாயணமும் வண்ணத்தில் ஓடுகின்றன. காவிச் சிவப்பும் கறுப்பும் இன்னும் அழுத்தமாக இருக்கின்றன, பச்சைதான் மங்கிவிட்டது.

தர்மபுரியின் பழைய பெயரான தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரால் நிற்கும் ஊர். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன் என்றே எல்லாருக்கும் தெரியும். அவன் வெறும் கதைத் தலைவன் இல்லை என்பதற்குத் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் 1981-இல் கண்டெடுத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு சாட்சி. அதில் அவன் பெயரே இருக்கிறது, அசோகர் சாசனங்கள் சொல்லும் சத்தியபுத்திரன் என்ற பட்டத்தோடு. அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, உன் ஆயுதங்கள் நெய் பூசி மயில்பீலி சூடி அரண்மனையில் இருக்கின்றன, எங்களவன் ஆயுதங்களோ முனை முறிந்து கொல்லன் உலைக்கூடத்தில் கிடக்கின்றன என்று பாடினார். தகடூரையும் முற்றுகையிட்டுத்தான் பிடித்தான் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை.

மண்கோட்டையின் மேடு என்று ஊர்க்காரர் ஒருவர் காட்டிய இடத்தில் வேலிக்கருவை மண்டியிருந்தது. மேட்டில் ஒரு பக்கத்தைப் பொக்லைன் வைத்துச் சமன் செய்து, வீட்டுமனைக் கல் நட்டிருந்தார்கள். வெட்டுப்பட்ட மண்ணின் பக்கவாட்டில் கறுப்புச் சிவப்பு ஓட்டுச்சில்லுகள் துருத்திக்கொண்டிருந்தன. பெரியப்பா மனைக்கல்லின் எண்ணைக் குனிந்து படித்தார். "இது பட்டாவா, புறம்போக்கான்னு கிராமத்து நிலக்கணக்கு அ-பதிவேட்டைப் பாத்தாதான் தெரியும். பழைய செட்டில்மென்ட்ல கோட்டைன்னு எழுதியிருந்தா யாரும் கை வைக்க முடியாது" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சர்வே எண்ணை என் நோட்டில் எழுதச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் மனு தயாரானது. இந்த மேட்டின் சர்வே எண்ணுக்கும் ஜெகதேவி மலைக்கும் நில அளவைப் புலப்படமும் அ-பதிவேட்டு நகலும் வேண்டும். கூடவே, புதையல் குழி பற்றியும் மனைக்கல் பற்றியும் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம், போட்டோக்களோடு. எந்த மனு எந்த அலுவலகத்துக்கு, நீதிமன்ற வில்லை எத்தனை ரூபாய்க்கு ஒட்ட வேண்டும் என்று பெரியப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். நாளைக் காலை பத்து மணிக்குத் தாலுகா அலுவலகம். நகல் கிடைத்ததும் இங்கே போடுகிறேன். மகராஜகடை, தட்டக்கல் பக்கம் இருக்கிறவர்கள் உங்கள் மலையின் சர்வே எண்ணைத் தெரிந்து வைத்திருந்தால் எழுதுங்கள், அவற்றுக்கும் சேர்த்தே மனு போடுகிறோம்.